அசோக மரமும் புலவரின் முதுகும்

கேட்க வந்தவர்கள் எல்லாரும் காலை மடக்கி உட்காருங்கள். இது உதையைப் பற்றிய கதை. கேட்கிற ஆர்வத்தில் யாராவது பக்கத்தில் இருப்பவரை எட்டி உதைத்துவிட்டால் பழி என் தலையில் விழும்.

மலையில் பெய்த மழை கடலுக்குப் போக அவசரப்படாத காலம் அது. அந்தக் காலத்தில் தேன்கரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் இந்த முனையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்கு அந்த முனைக்குப் போய்விடலாம். அதை ஆண்ட ராஜாவுக்குப் பூமாலைத் தேவன் என்று பெயர்.

பூமாலைத் தேவனுக்கு மூன்று ஆசைகள். தன் தோட்டத்தில் ஊரில் இல்லாத மரம் நிற்க வேண்டும். அதை வெளியூர் ராஜா வந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அவருக்கு வயிறு எரிய வேண்டும்.

ஆனால் முதலில் எரிந்தது அவன் வயிறுதான். வடகரை ராஜாவின் அரண்மனைக்கு விருந்துக்குப் போனவன் அங்கே ஓர் அசோக மரம் பூத்து நிற்பதைப் பார்த்தான். அன்று பரிமாறிய பதினெட்டுப் பலகாரங்களில் ஒன்றுகூட அவன் தொண்டையில் இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் மலையிலிருந்து ஓர் அசோகக் கன்றை வரவழைத்தான். தோட்டக்காரி மருதாயியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தான்.

"எப்போது பூக்கும்?" என்று கேட்டான்.

"அதுக்கு வயசு வரும்போது பூக்கும் மகாராசா" என்றாள் மருதாயி.

ராஜாக்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. இருந்தாலும் அன்று அவன் கன்றை அவளிடமே விட்டுவிட்டுப் போனான்.

அசோக மரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லியாக, நெட்டையாக, வாயில்காப்போன் மாதிரி விறைத்து நிற்கிற மரத்தைக் காட்டி இதுதானே அசோகம் என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். அது நெட்டிலிங்கம். அதன் இலையைத் தோரணமாகக் கட்டலாம், அதன் உடம்பைப் பாய்மரமாக நடலாம், எல்லாம் சரி. ஆனால் அது அசோகம் இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் நம் ஆட்கள் கேட்பதில்லை.

அசோகம் குட்டையான மரம். கிளை பரப்பி நிற்கும். எந்த மாதத்திலும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காது. அதன் தளிரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். செம்பு நிறத்தில், துவைத்துப் பிழியாமல் போட்ட துணி மாதிரி, தொளதொளவென்று தொங்கும். மரத்துக்கு ஏதோ நோய் என்று பயந்துவிடுவோம். நாலு நாள் போனால் அதே தளிர் நிமிர்ந்து பச்சையாகிவிடும்.

பூ அதைவிட வேடிக்கை. மற்ற மரமெல்லாம் கிளை நுனியில் பூக்கும். அசோகம் முதிர்ந்த கட்டையில் பூக்கும். பட்டையைப் பிளந்துகொண்டு கடுகு கடுகாக அரும்பு கிளம்பும். பிறகு கொத்துக் கொத்தாக விரியும். முதல் நாள் மஞ்சள், அடுத்த நாள் ஆரஞ்சு, அதற்கும் அடுத்த நாள் நல்ல சிவப்பு. அரும்பு அடிமரத்திலும் வரும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் அது மருதாயி ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

மருதாயி அந்தக் கன்றை வெயிலில் நடவில்லை. வாய்க்கால் ஓரமாக, இரண்டு மாமரத்து நிழலில் நட்டாள். அசோகத்துக்கு நிழலும் ஈரமும் வேண்டும். மருதாயிக்குப் புருஷன் இல்லை. சிலம்பாயி என்று ஒரே மகள். அந்த மகளும் அந்த மரமும் ஒன்றாகத்தான் வளர்ந்தார்கள்.

மரம் கொஞ்சம் பருத்ததும் ஊர் மருத்துவச்சி வருவாள். ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பட்டை எடுத்துக்கொள்வாள். எடுத்த இடத்தில் மருதாயி சாணி அப்பிவிடுவாள். மாதப்போக்கு நிற்காமல் பெரும்பாடு கண்டு இளைத்துப்போன பெண்களுக்கு மருத்துவச்சி அந்தப் பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பாள். பூக்காத மரமே ஊருக்கு இவ்வளவு செய்துகொண்டிருந்தது. ராஜாவின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவன் கண்ணெல்லாம் பூவிலேயே இருந்தது.

ஆறு மாசி மாதம் வந்து போனது. ஆறு மாசியிலும் மரம் பூக்கவில்லை. ஏழாவது மார்கழியில் பூமாலைத் தேவன் ஓர் அவசரக் காரியம் செய்தான். "வருகிற மாசி மகத்துக்கு எங்கள் தோட்டத்து அசோகம் பூத்திருக்கும், வந்து பார்த்துப் போகவும்" என்று வடகரை ராஜாவுக்கு ஓலை அனுப்பிவிட்டான். ஓலையை அனுப்பிய பிறகுதான் மரம் இன்னும் பூக்கவே இல்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது. உடனே ஆஸ்தானப் புலவரைக் கூப்பிட்டான்.

புலவரின் பெயர் ஏடகநாதர். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல முதுகு. ஒரு சுவடிக் கட்டை எப்போதும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருப்பார். யார் எதைக் கேட்டாலும் அந்தக் கட்டை ஒரு தட்டுத் தட்டி, "எல்லாம் இதில் இருக்கிறது" என்பார். அதைப் பிரித்து அவர் படித்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

ஏடகநாதர் சுவடியைத் தட்டினார்.

"அரசே, இது மசக்கை. மனிதருக்கு இருப்பதுபோல் மரத்துக்கும் ஆசை உண்டு. அழகான பெண் ஒருத்தி காலால் உதைத்தால்தான் அசோகம் பூக்கும். எல்லாம் இதில் இருக்கிறது."

பழைய பாட்டுக்காரர்கள் அப்படிப் பாடியது உண்மைதான். அவர்கள் அழகுக்காகப் பாடினார்கள். அதைத் தோட்ட வேலை என்று எடுத்துக்கொண்டவர் நம் புலவர் ஒருவர்தான்.

முதலில் படைத்தலைவரின் மனைவி வேங்கைநாச்சியை வரவழைத்தார்கள். அவள் ஓங்குதாங்கான பெண். மேளம் முழங்கியது. வேங்கைநாச்சி சேலையை இழுத்துச் செருகினாள். ஓங்கி ஒரு உதை விட்டாள். மரம் பூக்கவில்லை. அவள் கால்தான் வீங்கியது.

ஏடகநாதர் சுவடியைத் தட்டினார். "வலது காலால் உதைத்துவிட்டாள். இடது காலால் உதைத்திருக்க வேண்டும்."

கூட்டம் கலைந்த பிறகு மருதாயி மரத்தடியைப் பெருக்கினாள். பட்டைத் தூளோடு கடுகு மாதிரி ஏதோ உதிர்ந்து கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். அரும்பு. ஏழு வருஷம் காத்திருந்த மரம் அந்த வருஷம் முதன்முதலாக அரும்பு விட்டிருந்தது. அதை உதைத்து உதிர்த்துவிட்டார்கள். மருதாயி அரும்புகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ராஜாவிடம் ஓடினாள்.

"மகாராசா, மரம் தானாவே அரும்பு விட்டிருக்கு. உதைதான் அதை உதுத்துப்புடுச்சு. இனிமே யாரும் உதைக்க வேணாம் ராசா."

"தோட்டக்காரிக்குச் சாஸ்திரம் எப்படித் தெரியும்?" என்றார் ஏடகநாதர். ராஜாவும் தலையை ஆட்டினான்.

அடுத்து வியாபாரி மகள் மாணிக்கவல்லியை வரவழைத்தார்கள். அவள் காலில் பொன் சிலம்பு போட்டு, செம்பஞ்சுக் குழம்பு பூசிக் கூட்டி வந்தார்கள். மேளம் முழங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இடது காலால் ஓர் உதை விட்டாள். மரம் பூக்கவில்லை. அவள் கால்தான் வீங்கியது.

ஏடகநாதர் சுவடியைத் தட்டினார். "கண்ணை மூடிக்கொண்டு உதைத்துவிட்டாள். மரத்தைப் பார்த்து உதைத்திருக்க வேண்டும்."

மருதாயி மறுபடியும் அரும்பைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். இந்தத் தடவை காவல்காரனே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

மூன்றாவதாக யார்? ஏடகநாதர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். இடுப்பில் குடத்தோடு சிலம்பாயி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்த யாரும் இன்னொரு தடவை பார்க்காமல் போனதில்லை.

சிலம்பாயிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆற்றில் ஓடம் விடுகிற சங்கிலி. தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, பங்குனியில் தாலி. அந்த மகளைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தாதீர்கள் என்று மருதாயி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? மேளம் முழங்கியது.

சிலம்பாயி இடது காலைத் தூக்கினாள். தன்னோடு வளர்ந்த மரத்தை எப்படி உதைப்பாள்? குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டாள். மரம் பூக்கவில்லை.

மூன்று தடவை தோற்றுப்போன புலவருக்கு இப்போது பழியைப் போட ஓர் ஆள் வேண்டும். சுவடியை ஓங்கித் தட்டினார்.

"அரசே, இவள் கால் ராசியில்லாத கால். அது பட்டதால் மரமே கெட்டுவிட்டது. இனி இது பூக்காது. இதை வேரோடு பிடுங்கி எரித்துவிடுவதுதான் நல்லது."

சொல் அரண்மனை வாசலைத் தாண்டுவதற்குள் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. மறுநாளே சங்கிலியின் தாய் ஒய்யம்மாள் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ராசியில்லாத காலு எங்க ஓடத்துல ஏறுனா ஓடம் கவுந்துரும் தாயி. அந்த மரம் பூக்கட்டும். நாங்களும் வாறோம்" என்று தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சங்கிலி கூட வந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டு வந்தான், தலையைக் குனிந்துகொண்டே போனான்.

சிலம்பாயி அழவில்லை. தன் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த மருதாயிக்குத்தான் அழுகை வந்தது. மரத்தைப் பிடுங்கிவிட்டால் அது இனி எந்தக் காலத்தில் பூக்கும்? மகள் பேரில் விழுந்த பழி எந்தக் காலத்தில் போகும்? ஆயுசுக்கும் அவள் ராசியில்லாத காலோடுதான் நடக்க வேண்டும்.

உண்மையை இரண்டு தடவை கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று. அரண்மனைக்கு உண்மை செரிக்கவில்லை. அப்புறம் என்ன செய்வது? அவர்களுக்குச் செரிக்கிற மாதிரி சமைக்க வேண்டியதுதான்.

மருதாயிக்கு ஒரு விஷயம் தெரியும். ஏடகநாதர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமர நிழலில் சுவடியைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவார். அவள் அந்தப் பக்கம் பெருக்கும்போது பார்த்திருக்கிறாள். சுவடிக் கயிற்றின் முடிச்சு புழுதி ஏறிக் கல்லாகியிருந்தது. அதன் மேல் ஒரு சிலந்தி கூடு கட்டி, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்திருந்தது.

மறுநாள் சபை கூடியது. ஆட்கள் கடப்பாரையும் கோடரியுமாக வந்து நின்றார்கள். மருதாயி நடுச்சபையில் வந்து விழுந்து கும்பிட்டாள்.

"மகாராசா, நான் அறியாதவ. புலவரையா சொன்னதுதான் சரி. மரம் உதையைத்தான் கேக்குது. ஆனா ஐயா பெரிய மனுசரு, தன்னைப் பத்தித் தானே எப்படிச் சொல்லுவாருன்னு ஒரு சங்கதியை விட்டுப்புட்டாரு."

"என்ன சங்கதி?" என்றான் ராஜா.

"வெறும் உதை மரத்துக்கு வெளங்காது ராசா. படிச்சவங்க முதுகு வழியா அந்த உதை போகணும். அவரு மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கணும். உதை அவரு மேல விழுந்து, அவரு படிப்போட கலந்து, அப்புறந்தான் மரத்துக்குப் போகும். அப்படிப் போனா எந்தக் காலும் ராசியான காலுதான். ஐயா சுவடியில கடைசிக்கு முந்தின ஓலையில அது இருக்கணும். பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

சபை முழுக்க ஏடகநாதரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் சுவடியைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் முடிச்சு தெரியும், சிலந்தி தெரியும், சிலந்தியின் பேரப்பிள்ளைகளும் தெரியும். அவருடைய கை தானாகப் போய்ச் சுவடியைத் தட்டியது.

"ஆ... ஆமாம் அரசே. இருக்கிறது. எல்லாம் இதில் இருக்கிறது."

"ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"அடக்கம் அரசே" என்றார் புலவர்.

"நம் நாட்டில் உம்மைவிடப் படித்த முதுகு ஏது?" என்று ராஜா சந்தோஷமாகச் சொன்னான். கடப்பாரையைத் தூக்கி வந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க நல்ல இடம் பிடித்துக்கொண்டார்கள்.

மருதாயி அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் புரியைக் கட்டினாள். "இது எதற்கு?" என்று கேட்டார் ஏடகநாதர்.

"உங்க படிப்பு வழிஞ்சு கீழ போயிராம இருக்கத்தான் சாமி" என்றாள்.

உங்களுக்குத் தெரியும் அது எதற்கு என்று. மிச்சமிருந்த அரும்புகளுக்கு அது மெத்தை.

முதல் வாரம் வேங்கைநாச்சி வந்தாள். அவள் இடது காலால் தோற்கவில்லையே, வலது காலால்தானே தோற்றாள்? வீக்கம் வடிந்திருந்தது, கோபம் வடியவில்லை. அவளுடைய நாத்தனார்கள் பதினைந்து நாளாக அவளைப் பேசின பேச்சு அவள் நெஞ்சில் இருந்தது. ஏடகநாதர் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். மேளம் முழங்கியது. வேங்கைநாச்சி சேலையை இழுத்துச் செருகினாள். உதைத்தாள்.

உதை எங்கே விழுந்தது என்று கேட்காதீர்கள். முதுகு என்று ஏற்பாடு. விழுந்தது முதுகு முடிகிற இடத்துக்கும் கொஞ்சம் கீழே.

"அம்மாடி!" என்றார் ஏடகநாதர்.

"மரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று ராஜா ஆவலாகக் கேட்டான்.

"போகவில்லை அரசே. முழுக்க என்னிடமே தங்கிவிட்டது" என்று முனகினார் அவர்.

"அப்ப வாரத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு வேணும் ராசா" என்றாள் மருதாயி.

இரண்டாம் வாரம் மாணிக்கவல்லி வந்தாள். சாதுவான பெண்தான். ஆனால் கண்ணை மூடியதற்காக ஊர் முழுக்கக் கேலி பேசியிருந்ததே! இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, நிதானமாகக் குறி பார்த்து உதைத்தாள். பொன் சிலம்பு கழன்று மாமரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

அன்று சாயங்காலம் புலவர் குனிந்துகொண்டே மருதாயியிடம் வந்தார். "நீ மருத்துவச்சிக்குக் கொடுக்கிற பட்டையில் எனக்கும் கொஞ்சம் தாயேன்" என்று கேட்டார்.

"அது பொம்பளைங்க மருந்து சாமி. உங்களுக்கு உப்பை வறுத்து ஒத்தடம் தாறேன்" என்றாள் அவள். தந்தாள். நல்லவள்தான் மருதாயி. கொஞ்சம் சூடாகவே தந்தாள்.

இதற்கிடையில் அவள் காலையில் மூன்று குடம், மாலையில் மூன்று குடம் என்று மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வந்தாள். வைக்கோலை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கடுகாக இருந்தது மிளகாக ஆனது. மிளகு கொத்தானது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

மூன்றாம் வாரம் சிலம்பாயியின் முறை. ஊரே திரண்டு வந்தது. ஏடகநாதர் மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சிலம்பாயி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என் காலு ராசியில்லாத காலாமே புலவரையா?" என்று கேட்டாள்.

அவர் மரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். பல் கிட்டித்திருந்தது.

அந்த உதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த எருமை திரும்பிப் பார்த்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இரண்டு நாள் போனது. மாசி மகம் விடிந்தது. மருதாயி வைக்கோல் புரியை அவிழ்த்தாள். அடிமரத்திலிருந்து கிளை வரைக்கும் கட்டை தெரியாமல் பூ. மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் ஒரே கொத்தில் இருந்தன. வண்டுகள் அதற்குள் செய்தி கேட்டு வந்துவிட்டன. மருதாயி அடிமரத்தில் நெற்றியை வைத்து அழுதாள். இந்த அழுகை வேறு அழுகை.

பல்லக்கில் வடகரை ராஜா வந்து இறங்கினார். மரத்தைப் பார்த்தார். அவருக்கு முகம் சுருங்கியது. பூமாலைத் தேவனுக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

"இதை எப்படிப் பூக்க வைத்தீர்கள்?" என்று கேட்டார் வடகரை ராஜா.

பூமாலைத் தேவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். பெண்களின் உதை, புலவரின் முதுகு, கடைசிக்கு முந்தின ஓலை, ஒன்று விடாமல் சொன்னான். வடகரை ராஜா அதைக் கேட்டு அப்படியே வாயைப் பிளந்தார்.

"எங்கள் ஊரில் ஒரே ஒரு மரம்தான் பூக்கிறது. அதற்குப் பிறகு நட்ட நாற்பது அசோகக் கன்றுகள் பூக்காமல் சும்மா நிற்கின்றன. உங்கள் புலவரை எனக்கு ஒரு வருஷம் இரவல் தர வேண்டும். மரத்துக்கு மூன்று உதை என்றாலும்..." என்று அவர் விரலை மடக்கத் தொடங்கினார்.

அவர் முதல் விரலை மடக்குவதற்குள் ஏடகநாதர் இரண்டு ராஜாக்களுக்கும் நடுவே குப்புற விழுந்தார்.

"ஐயோ அரசே! உதைக்கும் பூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! ஏதோ பாட்டில் கேட்டதைச் சொல்லிவிட்டேன். இந்தச் சுவடியில் அப்படி எதுவும் இல்லை. இந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. இது என் தாத்தா வைத்திருந்தது!"

பூமாலைத் தேவன் சுவடியை வாங்கி முடிச்சை அறுத்தான். சிலந்தி குடும்பத்தோடு வெளியேறியது. முதல் ஓலையில் மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்று இருந்தது. கடைசிக்கு முந்தின ஓலையில் மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் என்ன கொடுப்பது என்று இருந்தது.

சபையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜாவின் முகம் அப்படி இருந்தது. அவன் மருதாயியைக் கூப்பிட்டான்.

"நீ சொல். மரம் ஏன் பூத்தது?"

"வயசு வந்துச்சு, பூத்துச்சு ராசா. நெழலு இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு. அதைப் போட்டு உதைக்காம இருக்கணும், அவ்வளவுதான். மூணு வாரம் மரத்து மேல ஒரு உதைகூட விழல. எல்லாத்தையும் புலவரையா வாங்கிக்கிட்டாரு" என்றாள் மருதாயி. பிறகு அவள் குரல் மாறியது. "எனக்கும் ஒண்ணு கேக்கணும் மகாராசா. உதைக்கும் பூவுக்கும் சம்பந்தம் இல்லேன்னா, அந்த மூணு பொண்ணுங்க காலு என்ன பாவம் செஞ்சுச்சு? எம்மக காலு என்ன பாவம் செஞ்சுச்சு?"

  விருந்தாளி ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூமாலைத் தேவன் எழுந்து சிலம்பாயியின் முன்னால் வந்து நின்றான்.

"குற்றம் உன் காலில் இல்லை அம்மா. என் காதில் இருந்தது" என்றான். அன்றைக்கே தண்டோராப் போட்டு, மூன்று பெண்களின் பேரில் சொன்னது அத்தனையும் பொய் என்று தெருத்தெருவாகச் சொல்லச் சொன்னான்.

தண்டோராச் சத்தம் அடங்குவதற்குள் ஒய்யம்மாள் தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டாள். முதல் தட்டைவிட இது பெரிய தட்டு. பின்னால் சங்கிலி. இந்தத் தடவை அவன் தலை நிமிர்ந்திருந்தது.

சிலம்பாயி அவனைப் பார்த்துக் கேட்டாள். "மரம் பூக்காம இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பே?"

சங்கிலி தாயைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். 

"சரி, போயிட்டு அடுத்த மாசிக்கு வா. இந்த மரத்துக்கு ஏழு வருசம் பொறுத்தோம். உனக்கு ஒரு வருசம் பொறுத்துப் பாக்குறேன். பூக்குறியா இல்லையான்னு தெரியட்டும்" என்றாள் சிலம்பாயி.

"ஏண்டி!" என்று மருதாயி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளே அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் பூத்தானா என்று கேட்பீர்கள். பூத்தான். இரண்டு வருஷம் பிடித்தது.

ஏடகநாதரை ராஜா நாடு கடத்தவில்லை. ஒரே ஒரு கட்டளை போட்டான். அவர் எந்த யோசனை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அது முதலில் அவர் மேல் செய்து பார்க்கப்படும். அதற்குப் பிறகு அவர் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ யோசனைதான் சொன்னார். சொன்னதெல்லாம் நல்ல யோசனையாக இருந்தது.

ஆகையால் கேட்டவர்களே, பிறர் தலையில் விழப்போகிற யோசனையைச் சொல்லுகிறவர், அதை முதலில் தம் மேல் விழவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.